பெரிய டாக்டர் மேசையில் என் ரவிக்கை

பெரிய டாக்டரின் மேசைமேல் என் ரவிக்கை கிடந்தது. நீலச் சீட்டித் துணியில் நானே வெட்டி நானே தைத்தது. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சாக்கட்டி.

மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார டாக்டர். இந்தப் பக்கம் நாற்காலியில் நான். பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி டிரஸர் கந்தையா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேசையை மட்டும் பார்ப்பதில்லை என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டு வந்தவர்கள் போல் இருந்தார்கள்.

டாக்டர் ரவிக்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சாக்கட்டியை எடுத்து விரலிடையில் உருட்டினார். அவர் எங்கே கோடு போடப்போகிறார் என்று பார்க்கும் ஆவல்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அண்மையில் கோயிலில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிக்கிறாளாம். "சாமி கும்பிடறப்ப உங்க ரெண்டு கையும் ஒரே ஒசரத்துக்குப் போகலையே அக்கா, ஏன்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாக்கைக் கடிக்க இதில் ஒன்றுமில்லை. மனசில் பட்டதைக் கேட்காவிட்டால் எனக்கும் தூக்கம் வராது. அவளுக்கான பதில் அந்த ரவிக்கையில்தான் தொடங்குகிறது.

பாக்கு அளவு

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த காலத்தில் கோத்தா திங்கித் தோட்டத்தை விட்டு ஜொகூர் பாரு பட்டணத்துக்கு வந்தோம் என்று முன்பே எழுதியிருக்கிறேன். வீட்டுக்காரருக்கு ரயில் ஸ்டேஷனில் சிக்னல் விளக்குகளைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, ஏற்றும் வேலை. பாசார் என்கிற சந்தைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் எங்களுக்கு ஓர் அறை. அதில் கை மிஷினைப் போட்டுக்கொண்டு நான் ரவிக்கை தைத்தேன்.

கை மிஷின் என்றால் இப்போதுள்ள பெண்களுக்குத் தெரியாது. காலால் மிதிப்பதற்கு ஒன்றும் கிடையாது. வலது கையால் சக்கரத்தைச் சுற்றவேண்டும், இடது கையால் துணியைத் தள்ளவேண்டும். அந்தச் சக்கரம் சுற்றினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

ஒரு தீபாவளிக்கு ஊர் ரவிக்கையெல்லாம் தைத்து முடித்து, கடைசியில் எனக்கென்று ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்தேன். வலதுபக்கம் துணி இழுத்தது. பிரித்து மறுபடி தைத்தேன். மறுபடியும் இழுத்தது. என் அளவு எனக்குத் தெரியாதா என்று கோபம் வந்தது. துணியில் குற்றம் தேடித் தேடிக் களைத்து, கடைசியில் உடம்பில் கைவைத்துப் பார்த்தேன். வலது மார்பில், அக்குளுக்குப் பக்கத்தில், கொட்டைப்பாக்கு அளவில் ஒன்று இருந்தது. வலி இல்லை. அழுத்தினால் நகரவும் இல்லை.

பயந்தேனா என்று கேட்டால், முதலில் இல்லை. இது என்ன, எப்போது வந்தது, எதற்கு வந்தது என்றுதான் யோசித்தேன். வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு பாக்கை எடுத்து, ஒரு விரலை அதன்மேலும் இன்னொரு விரலை இதன்மேலும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். பாக்கு அப்படியே இருந்தது. இது வளர்ந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "வெந்நி ஒத்தடம் குடு, கரைஞ்சிரும்," என்றார். தைப்பூசம் வரைக்கும் ஒத்தடம் கொடுத்தேன். கரையவில்லை. அதன்மேல் இருந்த தோல், துணியில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் சுருங்குமே, அப்படி உள்ளே வாங்கியது. அதைக் காட்டியபோது அவர் திரும்பிப் பார்த்தார். மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"சரிங்க தொரை"

அந்த ஆஸ்பத்திரியில் டிரஸர் கந்தையாதான் எங்கள் ஆட்களுக்கு எல்லாம். யாழ்ப்பாணத்துக்காரர். புண்ணுக்கு மருந்து கட்டுவார், ஊசி போடுவார், டாக்டர் பேசும் இங்கிலீஷைத் தமிழில் சொல்வார். நல்ல மனிதர். அவருக்கு இருந்த ஒரே தொல்லை கூச்சம்தான். ஒரு பெண்ணின் எதிரில் மார்பு என்ற சொல் அவர் வாயில் வராது. 'அந்த இடம்' என்பார்.

திரைக்குப் பின்னால் ஒரு ஆயா கூட நிற்க, டாக்டர் என்னைப் பரிசோதித்தார். கை பனிக்கட்டி போல் சில்லென்று இருந்தது. மார்பைப் பார்த்ததைவிட அதிக நேரம் அக்குளில் விரலைவிட்டு எதையோ தேடினார். பிறகு வெளியே வந்து பேசினார்.

அவர் பேசுகிற பாஷை எனக்குப் புரியாது. ஆனால் கை புரியும். பேசும்போது அவர் தன் கோட்டுச் சட்டையின் மேலேயே, தோளிலிருந்து விரலை இறக்கி, அக்குளைச் சுற்றி, விலாவரை கொண்டுபோனார். பிறகு கையைப் பாதி தூக்கி, அங்கேயே நிறுத்திக் காட்டினார்.

டிரஸர் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "அந்த இடத்தில ஒரு சின்னக் கட்டி. வெட்டி எடுத்தால் சரியாப் போகுமாம். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

"சரிங்க தொரை," என்றார் வீட்டுக்காரர், டாக்டரைப் பார்த்து.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த 'சரிங்க தொரை' தானாகவே வரும். தொரை என்ன சொன்னாலும் அதுதான் பதில். அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை, காதில் விழுந்தது என்றுதான் அர்த்தம். வெயிலில் நில் என்றாலும் சரிங்க தொரை, வீட்டுக்குப் போ என்றாலும் சரிங்க தொரை. டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? நாங்கள் ஒத்துக்கொண்டோம் என்று நினைத்து நாள் குறிக்கச் சொல்லிவிட்டார்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கட்டி இருப்பது மார்பில். அவர் ஏன் கையைப் பாதியில் நிறுத்திக் காட்டினார்?

மிச்சத் துணி

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்லவேண்டும். எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தது கோத்தா திங்கித் தோட்டத்துக் கிராணியின் மனைவி. கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். அந்த அம்மாள் முதல் நாளே சொன்னது தையலைப் பற்றி அல்ல. "மிச்சத் துணியை மடிச்சுக் குடுத்திரு. நகத்தளவு துண்டா இருந்தாலும் குடுத்திரு," என்பதுதான்.

தோட்டத்துப் பெண்கள் தீபாவளிக்கு எடுத்துக்கொடுக்கும் துணி அவர்களுக்கு அவ்வளவு உசத்தி. ரவிக்கையை வாங்கியதும் தையலைப் பார்க்கமாட்டார்கள். "மிச்சம் எங்க?" என்பார்கள். கொடுக்காவிட்டால் வெட்டியவள் திருடி. கொடுத்தால் அந்தத் துண்டுகளைத் தரையில் விரித்து, இது கழுத்தில் விழுந்தது, இது கையில் விழுந்தது என்று பொருத்திப் பார்ப்பார்கள். தன் துணி எங்கே போனது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ரவிக்கையை உடம்பில் வைத்துப் பார்ப்பார்கள்.

அப்போது எனக்கு எரிச்சலாக வரும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று நான் அவர்களில் ஒருத்தியாகிவிட்டேன்.

"எங்க வெட்டுவாரு, எம்புட்டு வெட்டுவாருன்னு கேக்கணும்," என்றேன் வீட்டுக்காரரிடம்.

"தொரைகிட்டப் போயி யாராவது கேள்வி கேப்பாங்களா? சும்மா இரு."

"துணி குடுக்கிறவ கேக்காம போவாளா? இது என் உடம்புங்க."

"கேட்டா மட்டும் உனக்குப் புரியுமா?"

"கோடு போட்டுக் காட்டினா புரியும்."

ஆனாலும் அவர் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார். நான் துணிப்பையில் ரவிக்கையையும் சாக்கட்டியையும் எடுத்துக்கொண்டேன். வலதுபக்கம் இழுத்து எனக்குக் கட்டியைக் காட்டிக்கொடுத்த அதே நீல ரவிக்கைதான்.

கைக்குள் போன கோடு

மேசைமேல் அதை விரித்ததும் டிரஸருக்கு வியர்த்தது. "தங்கச்சி, உதெல்லாம் இஞ்ச வைக்கிறதே?" என்றார்.

"நான் வாயால கேட்டா நீங்க சொல்லமாட்டீங்க ஐயா. அதான்."

டாக்டர் சாக்கட்டியை உருட்டிக்கொண்டிருந்தாரே, பிறகு எழுந்து குனிந்தார். ரவிக்கையை உள்ளங்கையால் நீவிச் சுருக்கம் எடுத்தார். துணியைத் தொடத் தெரிந்த கை. தோளுக்குக் கீழே தொடங்கி ஒரு கோடு இழுத்தார். அது மார்பைச் சுற்றி விலாவுக்கு இறங்கியது. இன்னொரு கோடு அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து சேர்ந்தது. கோட்டின் மேல் முனை தோளுக்குக் கீழே நிற்கவில்லை. கை பொருத்தும் தையலைத் தாண்டி, ரவிக்கையின் கைக்குள் போனது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கொட்டைப்பாக்கைக் கண்டபோது வராத பயம் அந்தக் கோட்டைக் கண்டதும் வந்தது. கை போனால் மிஷின் போச்சு.

டிரஸர் வாய் திறப்பதற்குள் நானே கேட்டுவிட்டேன், பாசார் மலாயில். "சினி போத்தோங்?" இங்கேயும் வெட்டுவீர்களா என்று.

டாக்டர் நிமிர்ந்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் மலாய் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார்கள். நான் கறிகாய்க்காரியிடம் பேசிப் பேசிக் கற்றவள். அவர் மலாய் ஏட்டு மலாய், என்னுடையது சந்தை மலாய். இரண்டும் அந்த மேசையில் சந்தித்துக்கொண்டன. டிரஸருக்குப் பாரம் இறங்கியது போல் இருந்தது, அவர் நன்றாகவே ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மார்பை முழுவதும் எடுக்கவேண்டும். அதற்குக் கீழே இருக்கும் தசையையும் எடுக்கவேண்டும். அக்குளில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றன, நோய் முதலில் அங்கேதான் போகும், அவற்றையும் எடுக்கவேண்டும். அப்படி எடுத்தால் கை பழையபடி மேலே தூக்காது. கையை விட்டுவிட்டு மார்பை மட்டும் எடுக்கலாம், பிறகு பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய் நோயைக் கருக்குகிற கதிர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பித் தன்னால் உறுதி சொல்ல முடியாது.

நான் ஒரு யோசனை சொன்னேன். கோட்டுக்கு உள்ளே விரலகலம் தோலை விட்டுவிட்டு வெட்டினால் பிறகு இழுக்காதல்லவா, தையலுக்கு என்று நாங்கள் துணி விடுவது போல விடுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நோய் அந்த விரலகலத்தில்தான் ஒளிந்திருக்கும், அதனால் விடமுடியாது, இருக்கிற தோலைத்தான் இழுத்துத் தைக்கவேண்டும் என்றார். என் தொழில் கணக்கு அங்கே செல்லாது என்று புரிந்தது.

கடைசியாக ஒன்று கேட்டேன். அதை மட்டும் தமிழில் டிரஸரிடம் சொன்னேன், மலாயில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல். "வெட்டி எடுத்த மிச்சத்தை நான் பாக்கணும் ஐயா. சொல்லுங்க."

"ஐயோ தங்கச்சி, உதைக் கேக்கேலாது."

"ஏன் கேக்கக்கூடாது? என்னோடதுதானே?"

அவர் மாட்டேன் என்றார். வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு, போதும் என்றார். டாக்டர் என்ன பேச்சு என்று விசாரித்தார், டிரஸர் ஏதோ சொல்லி மழுப்பினார். டாக்டர் என்னிடம் திரும்பி, முடிவு சொல்ல அவசரம் வேண்டாம், ஆனால் ரொம்பவும் தள்ளிப்போடவும் வேண்டாம் என்றார். தான் இதே மாதிரி வெட்டிய ஒரு மலாய்க்காரி கெலாங் பாத்தாவில் இருக்கிறாள், போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

கெலாங் பாத்தா

பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் செம்மண் தூசி. கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது, அந்த மாச்சிக் வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். வயதில் மூத்த மலாய்ப் பெண்களை மாச்சிக் என்றுதான் கூப்பிடுவோம். யார் அனுப்பினார்கள் என்று சொன்னதும் என் வீட்டுக்காரரைத் தென்னைமரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போனாள்.

பாஜூ என்கிற மேல்சட்டையை அவிழ்த்துக் காட்டினாள். எதிர்பார்த்த அளவுக்கு அது கோரமாக இல்லை. தட்டையான தோல், அதில் தோளிலிருந்து விலாவுக்கு ஒரு தழும்பு, அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது போலும், சிரித்தாள்.

கையைத் தூக்கச் சொன்னேன். தோள் வரைக்கும் தூக்கினாள். அதற்குமேல் போகவில்லை. தலை வாருவதும் துணியைக் கொடியில் போடுவதும் இடது கைதான் என்றாள். வலது கை கொஞ்சம் பருத்திருந்தது. அதை டாக்டர் எனக்குச் சொல்லவில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். மழை நாளில் கனக்கும் என்றாள்.

முதலில் தோள் வரைக்கும்கூட வரவில்லையாம். சுவரை ஒட்டி நின்று, விரல்களை நண்டு நடப்பது போல மேலே ஏற்றிப் பழகச் சொன்னாராம் டாக்டர். தினமும் ஏற்றுவாளாம், திட்டிக்கொண்டே.

"பயமா இருக்கா?" என்று மலாயில் கேட்டாள்.

"இருக்கு."

"எனக்கும் இருந்துச்சு. அதுக்கப்புறம் நிறைய துரியான் பழக் காலம் பார்த்துட்டேன்," என்று சொல்லிவிட்டு, ஒரு பொட்டலம் கருவாட்டைக் கட்டிக் கொடுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நானாகவே வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தழும்பு, பருத்த கை, தோளோடு நின்ற கை. மார்பு என்ற சொல்லைச் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"கைக்குப் பாத்தா உசுருக்குச் சொல்ல முடியாது. உசுருக்குப் பாத்தா கை போவும்," என்றேன்.

"கை போனா போவட்டும்," என்றார். "நீ துணியத் தள்ளு. நான் சக்கரத்தச் சுத்தறேன்."

அதற்கு முன்னும் பின்னும் அவர் எனக்கு எவ்வளவோ செய்திருக்கிறார். ஆனால் அந்த மனிதர்மேல் எனக்கு ஆசை பொங்கி வந்தது அந்தப் பஸ்ஸில்தான். கருவாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

கண்ணாடிச் சாடி

முழுவதும் எடுத்துவிடுங்கள் என்று நானே என் வாயால் டாக்டரிடம் சொன்னேன். கை வீங்குமா என்றும் கேட்டேன், வீங்கலாம் என்றார். மாச்சிக்கிடம் மிச்சத்துக்கு மலாயில் என்ன சொல்வது என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தேன். அதையும் சொன்னேன். எடுத்ததை எனக்குக் காட்டவேண்டும், காட்டாவிட்டால் மனசு ஆறாது என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பாய்க்," என்றார். சரி என்று அர்த்தம். அது வெறுமே காதில் விழுந்ததற்குச் சொன்ன சரி இல்லை.

ஆபரேஷன் அன்று மேசையில் படுத்திருந்தேன். மூக்கில் மருந்துத் துணியை வைப்பதற்கு முன் டாக்டர் குனிந்து, என் தோலின்மேல் மையால் அந்தக் கோட்டைப் போட்டார். நீல ரவிக்கையில் போட்ட அதே கோடு. போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைத் தூக்கிப் பார்த்து, சரி என்றேன். அதன் பிறகு ஒன்றும் நினைவில்லை.

கண் விழித்தபோது நெஞ்சின்மேல் அம்மிக்கல்லை வைத்துக் கட்டியது போல் இருந்தது. வாந்தி, காய்ச்சல், தாகம். அதையெல்லாம் எழுதி உங்களை வருத்தப்போவதில்லை.

காய்ச்சல் விட்ட பிறகு ஒரு காலையில் டாக்டர் வந்தார். கையில் துண்டு போட்டு மூடிய ஒரு கண்ணாடிச் சாடி. டிரஸர் வழக்கம்போல ஜன்னலுக்குப் போனார். வீட்டுக்காரர் போகவில்லை, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் துண்டை எடுத்தார். உள்ளே மருந்துத் தண்ணீரில் மஞ்சளும் வெள்ளையுமாக என் சதை. அதை நடுவில் பிளந்து வைத்திருந்தார். பிளந்த இடத்தில் அந்தப் பாக்கு. வெட்டிய கொட்டைப்பாக்கில் இருக்குமே, அதே போல உள்ளே கோடு கோடாக இருந்தது. அதிலிருந்து மெல்லிய வெள்ளை நூல்கள் நாலாபக்கமும் ஓடின. அந்த நூல்கள்தான் என் தோலை உள்ளே இழுத்திருக்கின்றன. துணியில் குற்றமே இல்லை.

அக்குளில் எடுத்த முடிச்சுகளையும் காட்டினார். எனக்கு அருவருப்பு வரவில்லை. இத்தனை நாள் தடவித் தடவிப் பார்த்ததைக் கண்ணால் பார்த்துவிட்டேன் என்ற திருப்திதான் வந்தது. வீட்டுக்காரரும் குனிந்து பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார்.

நான் டாக்டரிடம் மலாயில் கேட்டேன். எல்லாம் வந்துவிட்டதா? உள்ளே ஒன்றும் மிச்சமில்லையே?

அவர் சாடியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு, "தாக் தாவு," என்றார். தெரியாது. கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்தேன், தெரியாததைப் பற்றி எனக்குத் தெரியாது என்றார்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, ஒரு தொரை தெரியாது என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நியாயமாக அப்போது எனக்குப் பயம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவர் அதுவரை சொன்னதெல்லாம் நிஜம் என்று அந்த ஒரு வார்த்தையால்தான் எனக்கு உறுதியானது.

அவர் சாடியை மூடி எடுத்துக்கொண்டு போனார். நான் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். சுத்தமாக வெள்ளையடித்த சுவர். இடது கையை வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

"மையோ கரியோ ஏதாவது இருந்தா குடுங்க," என்றேன். "இன்னிக்குக் கை எதுவரைக்கும் ஏறுதுன்னு ஒரு கோடு போட்டு வைக்கணும்."